குவரி தரும் தட்டையான ரோக்களை உள்ளடுக்கு ஆப்ஜெக்ட்டாக மாற்றுவது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சிறு மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது பில்லிங் வேலைதான். ரப்பர் ஷீட் வாங்கும் கடை, குளச்சலில் மீன் ஏலம் எடுப்பவர், தோவாளையில் பூ மொத்த வியாபாரி என்று வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் திரையில் அவர் கேட்பது ஒன்றேதான்: ஒரு பில்லைத் திறந்தால் அதற்குள் வாங்கியவர், அவருடைய ஊர், என்னென்ன சரக்கு, எவ்வளவு கட்டினார் எல்லாம் தெரிய வேண்டும். டேட்டாபேஸிடம் குவரி (தரவு கேட்கும் கட்டளை) அனுப்பினால் அது இதை ஒரே மட்டத்தில், நீளமான ரோக்களாகத்தான் (டேபிளின் கிடைவரிசைகள்) தரும். அந்த ரோவை வெட்டி, பில்லுக்குள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்குள் ஊர் என்று அடுக்கி வைப்பது நம் பொறுப்பு.

தோவாளைக் கடை ஒன்றுக்கு இதைச் செய்யும்போது நிறைய இழுபட்டேன். படித்த விளக்கங்கள் எல்லாம் எளிய உதாரணத்தோடு நின்றுவிட்டன. நிஜமான தரவு வந்ததும் எங்கே உடையும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அந்த இடங்களைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன். சிஷார்ப் மொழியும், ரோக்களை அதன் ஆப்ஜெக்ட்டுகளாக மாற்றும் டாப்பர் என்ற லைப்ரரியும் வைத்து விளக்குகிறேன், இங்கே நான் பார்த்த பல நிறுவனங்களில் அதுதான் ஓடுகிறது. மற்றவற்றுக்கும் கடைசியில் சில குறிப்புகள் உண்டு. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று டேபிள், நெடுவரிசைப் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன். உங்கள் டேபிளில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

1. கோடு எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டேபிள்களின் முழு வரையறை. ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) எது, ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் கீயைச் சுட்டும் நெடுவரிசை) எது, எந்த நெடுவரிசை காலியாக இருக்க அனுமதி உண்டு என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். "பழைய டேபிள், யாரிடமும் விவரம் இல்லை" என்று சொல்வார்கள். விடாதீர்கள், டேட்டாபேஸிலிருந்தே கிரியேட் ஸ்கிரிப்ட்டை (டேபிளை உருவாக்கும் கட்டளை) எடுத்துவிடலாம்.

அடுத்தது, திரையில் வர வேண்டியதன் மாதிரி. காகிதத்தில் கிறுக்கியது போதும். மூன்றாவதாக நிஜமான தரவிலிருந்து சில பில்கள், அதுவும் கோணலான பில்களாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்: சரக்கே இல்லாத ரத்தான பில், ஊர் நிரப்பாத வாடிக்கையாளர், இரண்டு மூன்று தவணையாகப் பணம் கட்டிய பில். ஒழுங்கான பில்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும், கடையில் போட்ட அன்று உடையும்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. டாப்பர் இலவசம், அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இலவசம். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸும் இலவசம்தான், ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்ற உச்சவரம்பு உண்டு. சிறு கடைக்கு அது தாராளம். டெவலப்பர் எடிஷன் இலவசம் என்று நினைத்து வாடிக்கையாளரின் கணினியில் போட்டுவிடாதீர்கள். அது எழுதவும் சோதிக்கவும் மட்டும், கடையில் ஓட்ட உரிமம் இல்லை.

2. வடிவத்தைத் தாளில் வரையுங்கள்

நம் உதாரணத்தில் பில் என்ற கிளாஸுக்குள் வாடிக்கையாளர் ஒன்று. வாடிக்கையாளருக்குள் ஊர் ஒன்று. பில்லுக்குள் சரக்குகள் என்ற பட்டியல், பணம் கட்டிய விவரம் என்ற இன்னொரு பட்டியல்.

வரைந்ததும் ஒவ்வொரு கோட்டின் மேலும் "ஒன்று" அல்லது "பல" என்று எழுதுங்கள். "ஒன்று" என்ற உறவுகளை ஒரே குவரியில் ஜாயின் போட்டு (டேபிள்களைக் கீ வழியாக இணைத்து) எடுக்கலாம், சிக்கல் இல்லை. "பல" ஒன்று இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே ஆப்ஜெக்ட்டுக்குக் கீழே "பல" இரண்டு இருந்தால் நில்லுங்கள், 6ஆம் படியைப் படித்துவிட்டு வாருங்கள்.

3. குவரியில் ஸ்டார் போடாதீர்கள்

செலக்ட் ஸ்டார் என்று எழுதி மூன்று டேபிளை ஜாயின் செய்தால் எல்லா நெடுவரிசையும் வரும், எந்த வரிசையில் வரும் என்பது டேபிளின் கையில். நாளைக்கு யாராவது வாடிக்கையாளர் டேபிளில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தால் வரிசை மாறும். டாப்பர் நெடுவரிசைகளின் வரிசையை நம்பித்தான் வெட்டுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, இப்படி ஆப்ஜெக்ட் வாரியாக அடுக்கி எழுதுங்கள்:

பில்_ஐடி, பில்_எண், தேதி,
வாடிக்கையாளர்_ஐடி, பெயர், கைபேசி,
ஊர்_ஐடி, ஊர்_பெயர், வட்டம், பின்கோடு

ஒவ்வொரு அடியிலும் முதலில் இருப்பது அந்த ஆப்ஜெக்ட்டின் கீ. இந்தப் பழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் வராது.

நெடுவரிசைப் பெயரும் கிளாஸில் உள்ள பிராப்பர்ட்டிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை டாப்பர் பொருட்படுத்தாது. ஆனால் டேபிளில் அண்டர்ஸ்கோர் வைத்தும் கிளாஸில் சேர்த்தும் எழுதியிருந்தால், டிஃபால்ட்டைப்மேப் என்பதில் மேட்ச்நேம்ஸ்வித்அண்டர்ஸ்கோர்ஸ் என்ற அமைப்பை நிரல் தொடங்கும்போதே ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிராப்பர்ட்டி காலியாகவே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, பொருந்தாத நெடுவரிசையை டாப்பர் சத்தமில்லாமல் விட்டுவிடும். "கைபேசி எண் ஏன் வரவில்லை?" என்று ஜாயினில் தேடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் எழுத்தைச் சரிபாருங்கள்.

4. எங்கே வெட்டுவது என்று சொல்லுங்கள்

டாப்பரின் குவரி மெத்தடில் பில், வாடிக்கையாளர், ஊர் என்று மூன்று வகையைக் கொடுத்து, நான்காவதாகத் திரும்ப வர வேண்டிய வகையையும் கொடுக்கிறீர்கள், அது மறுபடியும் பில். அப்புறம் ஒரு சிறு ஃபங்ஷன்: மூன்று ஆப்ஜெக்ட்டும் தனித்தனியாகக் கையில் வரும், ஊரை வாடிக்கையாளரில் வைத்து, வாடிக்கையாளரைப் பில்லில் வைத்து, பில்லைத் திருப்பித் தர வேண்டும். கடைசியாக ஸ்பிளிட்ஆன் என்ற அளபுருவில் (பாராமீட்டர்) "வாடிக்கையாளர்_ஐடி,ஊர்_ஐடி" என்று கொடுங்கள். பில்லுக்குச் சொல்ல வேண்டாம், அது முதல் நெடுவரிசையிலேயே தொடங்குகிறது. மூன்று வகை என்றால் வெட்டு இரண்டு.

ஸ்பிளிட்ஆன் கொடுக்காமல் விட்டால் "ஐடி" என்ற பெயருள்ள நெடுவரிசையைத் தேடி அங்கே வெட்டும். எல்லா டேபிளிலும் கீயின் பெயர் வெறும் ஐடி என்றே இருந்தால் இது வேலை செய்யும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு கீக்கும் தனிப்பெயர் கொடுத்தால், வரிசை தவறும்போது ஸ்பிளிட்ஆன் நெடுவரிசை கிடைக்கவில்லை என்று உடனே பிழை வந்துவிடும். பிழை வருவது நல்லது. ஒருவருடைய ஐடி இன்னொருவருடைய ஆப்ஜெக்ட்டில் போய் உட்காருவதுதான் ஆபத்து.

வகைகளின் வரிசை, நெடுவரிசைகளின் வரிசை, ஸ்பிளிட்ஆன் பெயர்களின் வரிசை மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படி 7 வகை வரை நேரடியாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வகைகளை அரேயாகக் கொடுக்கும் வேறொரு வடிவம் இருக்கிறது. அந்த நிலைக்குப் போகும் குவரியை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

5. ஊர் இல்லாத வாடிக்கையாளர்

நம் மாவட்டத்துக் கடைகளில் இது கண்டிப்பாக வரும். தோவாளைப் பூ கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப் போகிற சரக்கு. எங்கள் ஊர் டேபிளில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என்று இந்த மாவட்டத்து வட்டங்களுக்குள் உள்ள ஊர்கள் மட்டுமே இருந்தன. திருவனந்தபுரத்து வியாபாரிக்கு ஊர்_ஐடி காலி.

இன்னர் ஜாயின் (இரு பக்கமும் பொருந்தும் ரோக்களை மட்டும் தருவது) போட்டால் இப்படிப்பட்டவர்களுடைய பில்கள் முழுவதும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஓணம் சமயத்து விற்பனையில் பாதி தெரியாது, பிழையும் வராது. ஆகவே ஊருக்கு லெஃப்ட் ஜாயின், பொருத்தம் இல்லாவிட்டாலும் அது இடப்பக்க ரோவை விடாது.

லெஃப்ட் ஜாயினில் ஊர் கிடைக்காதபோது அந்தப் பகுதியின் நெடுவரிசைகள் எல்லாம் நல் (மதிப்பே இல்லாத நிலை) என்று வரும். வெட்டும் இடத்தில் உள்ள முதல் நெடுவரிசை நல் என்றால் டாப்பர் அந்த ஆப்ஜெக்ட்டையே உருவாக்காது. ஃபங்ஷனுக்குள் ஊர் நல் ஆக வரும். இது நமக்கு வேண்டியதுதான், ஆனால் மூன்று இடத்தில் தடுக்கி விழுவோம்.

முதலாவது, திரையில் வாடிக்கையாளர்.ஊர்.ஊர்_பெயர் என்று நேராக எழுதினால் நல் ரெஃபரன்ஸ் பிழை வரும். சோதித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, ஸ்பிளிட்ஆனில் கீயை விட்டுவிட்டு வட்டம் போன்ற நெடுவரிசையைக் கொடுத்தால், வட்டம் மட்டும் நிரப்பாத ஊரும் முழுதாகக் காணாமல் போகும். பெயரும் பின்கோடும் குவரியில் இருக்கும், ஆப்ஜெக்ட்டில் இருக்காது. வெட்டும் இடத்தில் எப்போதும் கீ, அந்தக் கீக்குக் கிளாஸில் ஒரு பிராப்பர்ட்டியும் இருக்கட்டும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ஊர்_ஐடி இரண்டு டேபிளில் இருக்கும்: வாடிக்கையாளரில் ஃபாரின் கீயாக, ஊரில் பிரைமரி கீயாக. குவரியில் வாடிக்கையாளர் டேபிளிலிருந்து எடுத்தால், ஊர் டேபிளில் அந்த ரோ அழிக்கப்பட்டிருந்தாலும் மதிப்பு இருக்கும். விளைவு, ஐடி மட்டும் உள்ள, மற்றதெல்லாம் காலியான ஒரு பொய்யான ஊர் உருவாகும். கீயை ஜாயின் செய்த டேபிளிலிருந்தே எடுங்கள்.

6. பட்டியல்கள்: பணம் தப்பாகும் இடம்

ஒரு பில்லில் மூன்று சரக்கு என்றால் ஜாயினில் மூன்று ரோ வரும். டாப்பர் ஒவ்வொரு ரோவுக்கும் புதிதாக ஒரு பில் ஆப்ஜெக்ட் செய்யும். ஒரே பில், ஆளுக்கு ஒரு சரக்கோடு மூன்று பிரதிகள்.

இதற்கு வழி ஒரு டிக்ஷனரி. பில்_ஐடி சாவி, பில் மதிப்பு. ஃபங்ஷனுக்குள் வரும் பில்லின் ஐடி டிக்ஷனரியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சரக்குகளுக்கு வெற்றுப் பட்டியல் ஒன்றை வைத்து டிக்ஷனரியில் போடுங்கள். இருந்தால் ஏற்கெனவே உள்ள பில்லை எடுங்கள். பிறகு சரக்கு நல் இல்லையென்றால் அந்தப் பில்லின் பட்டியலில் சேருங்கள். நல் சோதனையை விட்டால் ரத்தான பில்லில் ஒரு வெற்றுச் சரக்கு உட்கார்ந்திருக்கும்.

குவரி மெத்தட் திருப்பித் தரும் பட்டியலைப் பயன்படுத்தாதீர்கள். அதில் ரோவுக்கு ஒன்றாக அதே பில் திரும்பத் திரும்ப இருக்கும். டிக்ஷனரியில் உள்ளதை எடுங்கள். தேதி வரிசை முக்கியம் என்றால், புதுப் பில் வரும்போதெல்லாம் தனியாக ஒரு லிஸ்ட்டிலும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். டிக்ஷனரி வரிசைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

சரி, இப்போது பணம் கட்டிய விவரத்தையும் அதே குவரியில் ஜாயின் செய்தால்? இதைக் கிட்டத்தில் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு.

பில் 1207. பிச்சி 5 கிலோ, 3,000 ரூபாய். கேந்தி 20 கிலோ, 1,000 ரூபாய். அரளி 4 கிலோ, 1,000 ரூபாய். மொத்தம் 5,000. ரொக்கமாக 2,000, ஜிபே மூலம் 1,500 கட்டியிருக்கிறார். பாக்கி 1,500.

குவரி தருவது இது:

1207, பிச்சி, 3,000, ரொக்கம், 2,000
1207, பிச்சி, 3,000, ஜிபே, 1,500
1207, கேந்தி, 1,000, ரொக்கம், 2,000
1207, கேந்தி, 1,000, ஜிபே, 1,500
1207, அரளி, 1,000, ரொக்கம், 2,000
1207, அரளி, 1,000, ஜிபே, 1,500

சரக்கு மூன்று, கட்டணம் இரண்டு, ரோ ஆறு. ஒவ்வொரு சரக்கும் இரண்டு முறை, ஒவ்வொரு கட்டணமும் மூன்று முறை. இதை அப்படியே பட்டியல்களில் சேர்த்துக் கூட்டினால் சரக்கு மொத்தம் 10,000, கட்டியது 10,500. பாக்கி இருப்பவருக்குக் கடை 500 ரூபாய் திருப்பித் தர வேண்டும் என்று திரை சொல்லும். "தம்பி, இவரு நமக்குத் தரணுமா, நாம இவருக்குத் தரணுமா?" என்று அண்ணாச்சி கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒரே தவணையில் கட்டிய பில்களில் சரக்கு மொத்தம் சரியாக வருவதால் இந்தப் பிழை சோதனையில் எளிதில் சிக்காது.

டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு மறுபடி வந்தால் ஒன்றை மட்டும் வைப்பது) போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இந்தப் பில்லிலேயே கேந்தியும் அரளியும் 1,000. தொகையின் மேல் டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் ஒரு 1,000 காணாமல் போய் மொத்தம் 4,000 ஆகிவிடும்.

சரக்கு_ஐடி, கட்டணம்_ஐடி இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை வைத்து, ஏற்கெனவே சேர்த்ததை மறுபடி சேர்க்காமல் விடலாம். கணக்கு சரியாக வரும். ஆனால் நாற்பது சரக்கும் ஐந்து தவணையும் உள்ள பில்லுக்கு 200 ரோ வந்து இறங்கும். நான் பரிந்துரைப்பது குவரிமல்டிபிள்: ஒரே அழைப்பில் மூன்று குவரி. முதலாவது பில், வாடிக்கையாளர், ஊர். இரண்டாவது சரக்குகள். மூன்றாவது கட்டணங்கள். எழுதிய அதே வரிசையில் ரீட் செய்து, பில்_ஐடியை வைத்துப் பொருத்துங்கள். 45 ரோவும் ஒரு பில் ரோவும், அவ்வளவுதான்.

இங்கும் ஒரு பொறி. இரண்டாம், மூன்றாம் குவரிக்குப் பில் ஐடிகளின் பட்டியலை இன் என்ற நிபந்தனையில் அனுப்புவார்கள். டாப்பர் அதைத் தனித்தனி அளபுருவாக விரிக்கும். எஸ்கியூஎல் சர்வர் ஒரு குவரிக்கு 2,100 அளபுருவுக்கு மேல் ஏற்காது. தினசரி அறிக்கை ஓடும், வருட அறிக்கை விழும். தேதி வரம்பையே மூன்று குவரியிலும் நிபந்தனையாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

7. எவ்வளவு நேரம் ஆகும்

ஃபார் லூப் போட்டு, பில் ஒன்றுக்கு ஒரு குவரியாகச் சரக்கை எடுப்பது எழுத எளிது. உங்கள் மேஜையில் டேட்டாபேஸும் நிரலும் ஒரே கணினியில் இருப்பதால் வேகமாகவும் ஓடும். டேட்டாபேஸ் மும்பையில் ஏதோ ஒரு கிளவுட் சர்வரில் இருந்து, ஒரு போய்வரவுக்கு 30 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். 500 பில்லுக்கு 501 போய்வரவு, காத்திருப்பு மட்டும் 15 விநாடி. அதிகாலையில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பில்லுக்குக் காத்திருக்கிறவர்களிடம் 15 விநாடி மிக நீளம். எழுதும் நாளிலேயே, ஒரு திரை திறக்க எத்தனை குவரி போகிறது என்று லாக் எடுத்துப் பாருங்கள். பில் எண்ணிக்கையோடு அதுவும் கூடினால் மாற்றி எழுத வேண்டும்.

புதியவர் ஒருவர் இதை நிதானமாகக் கற்றுக்கொள்ள ஒரு முழு வாரம் கேட்டு வாங்கலாம். அரை நாளில் முடியும் என்று சொல்லி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

8. டாப்பர் இல்லாத இடங்களில்

மைபேட்டிஸ் (ஜாவா): ரிசல்ட்மேப்பில் "ஒன்று" என்பதற்கு அசோசியேஷன், "பல" என்பதற்கு கலெக்ஷன். ஒவ்வொன்றிலும் கீயை ஐடி என்ற டேகில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ரோக்களை ஒப்பிட எல்லா நெடுவரிசையையும் பார்த்து மெதுவாகும். வழக்கமான அமைப்பில் ஜாயின் செய்த உள் ஆப்ஜெக்ட்டுகளுக்குத் தானாகப் பெயர் பொருத்துவது நடக்காது, கைப்படவே எழுத வேண்டும்.

ஸ்பிரிங் (ஜாவா): பீன்பிராப்பர்ட்டிரோமேப்பர் உள்ளடுக்கைப் பார்த்துக்கொள்ளாது. சொந்தமாக ஒரு ரோமேப்பர் எழுதிவிடுங்கள், குழப்பம் குறைவு.

என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (சிஷார்ப்): இன்க்ளூட் போட்டால் அடுக்கு தானாக வரும். ஆனால் இரண்டு பட்டியலை இன்க்ளூட் செய்தால் 6ஆம் படியில் பார்த்த ஆறு ரோ இங்கேயும் உள்ளுக்குள் வரும். கணக்கு தப்பாது, நேரம் போகும். 5.0 பதிப்பு முதல் ஏஸ்ஸ்பிளிட்குவரி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்): போஸ்ட்கிரெஸ் டிரைவரில் ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசை வந்தால் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். வாடிக்கையாளர் பெயரின் இடத்தில் ஊர்ப் பெயர் வருகிறதென்றால் காரணம் இதுதான். ஏலியாஸ் (குவரியில் தரும் மாற்றுப்பெயர்) கொடுங்கள். மைஎஸ்கியூஎல்2 டிரைவரில் நெஸ்ட்டேபிள்ஸ் என்ற வசதி டேபிள் வாரியாகப் பிரித்துத் தரும்.

டேட்டாபேஸே ஜேசனாக (உள்ளடுக்குத் தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) அடுக்கித் தரட்டும் என்று விடுவதும் நல்ல வழி. எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் ஃபார் ஜேசன் பாத் உண்டு; ஏலியாஸில் "ஊர்.பெயர்" என்று புள்ளி வைத்தால் உள்ளடுக்காக வரும். நீளமான ஜேசன் சுமார் 2,000 எழுத்துக்கு ஒரு ரோவாகத் துண்டு துண்டாக வரும், எல்லாத் துண்டையும் ஒட்டிய பிறகே படிக்க வேண்டும். முதல் ரோவை மட்டும் எடுத்தால் சிறிய பில் சரியாக இருக்கும், பெரிய பில் பாதியில் அறுந்து நிற்கும்.

9. ஒப்படைக்கும் முன்

1ஆம் படியில் வாங்கிய கோணல் பில்களை எடுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் சரக்கு மொத்தத்தையும் கட்டிய மொத்தத்தையும் ஜாயின் இல்லாமல், அந்தந்த டேபிளில் மட்டும் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆப்ஜெக்ட்டிலிருந்து கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். மொத்தப் பில்களின் எண்ணிக்கையையும் அப்படியே: பில் டேபிளில் எண்ணியது ஒன்று, உங்கள் பட்டியலில் உள்ளது ஒன்று. குறைந்தால் எங்கோ இன்னர் ஜாயின் இருக்கிறது. கூடினால் டிக்ஷனரியை விட்டுவிட்டுக் குவரியின் பட்டியலை எடுத்திருக்கிறீர்கள். இந்த ஒப்பீட்டை யூனிட் டெஸ்டாக எழுதி நிரலோடு வைத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது குவரியில் இன்னொரு ஜாயின் சேர்த்தால், கடைக்குப் போகும் முன்பே அது சொல்லிவிடும்.